மஞ்சள் கண்களும் நால்வகைத் தானமும்



ஐப்பசி, கார்த்திகை மழை கரிசல் மண்ணை நனைத்த பின்னர், பசுவந்தனைச் சுற்றுவட்டாரப் புஞ்சைகளிலும் வரப்புகளிலும் ஒரு சிறு செடி தலைகாட்டும். இலைக்கொத்தின் கீழ்ப்புறத்தில் வரிசையாகத் தொங்கும் கடுகளவு காய்களால் அதற்குக் கீழாநெல்லி என்று பெயர். பருத்திக்கும் உளுந்துக்கும் இடையே முளைக்கும் களைதான். ஆயினும், வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் நினைவுக்கு வருவது அச்செடியே.

கோவில்பட்டிக்கு ஒருபுறம் பசுவந்தனை, மறுபுறம் கழுகுமலை. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், பாகுபலியும், இயக்கியரும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வீற்றிருக்கின்றனர். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரவர்களின் பெயர்களோடு குரத்தியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்களுக்கு உணவளிப்பதற்கென ஏற்பட்ட அறக்கொடையையும் கல் பேசுகிறது. கற்பிப்பதும் உணவளிப்பதும் ஒரே அறத்தின் இரு கைகள் என்பதைத் தென்பாண்டி நாட்டுச் சமணர் அன்றே உணர்ந்திருந்தனர்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை அறநூல்கள் வகுக்கின்றன. கல்லீரல் நோயைப் பற்றிய இவ்வுரையும் அந்த நான்கின் வழியே செல்கிறது. ஏனெனில் இந்நோயில் உணவும், மருந்தும், அறிவும், உயிர்க்கருணையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சில இடங்களில் அவை ஒன்றோடொன்று மோதவும் செய்கின்றன. அம்மோதலை மறைக்காமல் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மஞ்சள் நிறம் நோயன்று

வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. அது நாள்தோறும் அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரைச் சுரக்கிறது. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் பித்தநீரோடு கலந்து, பித்தக் குழாய்களின் வழியே குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பு நிறம் இதனால் வருவதே.

இந்த ஓட்டம் மூன்று வகையில் கெடலாம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம். கல்லீரலின் உயிரணுக்கள் கிருமியாலோ, நஞ்சாலோ, மதுவாலோ பழுதடையலாம். அல்லது பித்தநீர் சுரந்தும் வெளியேற வழியின்றித் தேங்கலாம். மூன்றாவதே பித்தத் தேக்கம். மருத்துவர் கொலஸ்டாசிஸ் என்பர். மூன்றிலும் கண் மஞ்சளிக்கும். ஆதலால் மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களின் பொது அறிகுறி.

பித்தத் தேக்கத்திற்குத் தனி அடையாளங்கள் உண்டு. மலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகும். உடலெங்கும் உறக்கம் கெடுக்கும் அரிப்பு எழும். கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் வேண்டும். அது குடலை அடையாவிடில் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் உடலில் சேரா. எலும்பு மெலியும், சிறு காயமும் குருதி உறையாமல் வழியும். தேக்கம் நீடித்தால் கல்லீரலில் தழும்பு படர்ந்து, இறுதியில் அது இறுகிச் சுருங்கும். அந்நிலையே சிர்ரோசிஸ்.

கருவுற்ற தாய்மாருக்குக் கடைசி மாதங்களில், தோலில் தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடும் அரிப்பு உண்டானால், அதுவும் பித்தத் தேக்கமாக இருக்கலாம். சூட்டினால் வந்தது என்று எண்ணி விட்டுவிடலாகாது. வயிற்றிலுள்ள குழந்தைக்கு இடர் விளையக்கூடும் என்பதால் குருதியில் பித்த அமிலத்தின் அளவைப் பார்ப்பது கட்டாயம்.

ஔடத தானம்: கீழாநெல்லியின் கதை

கீழாநெல்லியைத் தமிழகத்தின் ஆய்வாளர்களே உலகின் கவனத்திற்குக் கொண்டு சென்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராஜன் தலைமையிலான குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமியை நெடுங்காலமாக உடலில் சுமப்போரிடம் இச்செடியின் பொடியைச் சோதித்தது. அக்கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் ஆய்வில் இணைந்திருந்தார். 200 மில்லிகிராம் பொடி நாளுக்கு மூன்று வேளை, 30 நாள்கள் தரப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. 1988 அக்டோபரில் இம்முடிவு லான்செட் இதழில் வெளிவந்தது.

வரப்போரச் செடியொன்று அந்த இதழில் இடம்பெற்றது தமிழ்நாட்டிற்குப் பெருமை. ஆனால் அறிவியல் ஒரு வெற்றியோடு நிற்பதில்லை. பிற நாடுகளில் பிற குழுவினர் அதே சோதனையைச் செய்தபோது அதே பயன் கிட்டவில்லை. செடியின் இனம், விளைந்த மண், தயாரித்த முறை, நோயாளிகளின் நிலை எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. கிடைத்த சோதனைகளையெல்லாம் ஒருங்கே எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2011இல் வெளிவந்தது. வெற்றுப்பொடியைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அது முடிவு கூறிற்று.

இதனால் கீழாநெல்லி பொய் என்றாகாது. மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே சரியான சொல். ஒரு பொருளை ஒரே நோக்கில் பார்த்து முடிவு கட்டாதே என்று அநேகாந்தம் கற்பிக்கிறது. சோதனையை மீண்டும் மீண்டும் செய்து பார்க்கும் ஆய்வுநெறியும் அதே பணிவைத்தான் கோருகிறது.

மற்றொன்றும் தெளிவாக வேண்டும். கெட்ட நீராலோ உணவாலோ பரவும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குணமாகும். அவ்வாறு குணமானவர் எதை உண்டிருந்தாலும் அதற்கே புகழ் சேரும். வீட்டு மருந்தின் பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தானே தீரும் காமாலைக்கும், நாள் தள்ளினால் உயிர் கொள்ளும் காமாலைக்கும் உள்ள வேறுபாட்டைச் செடியால் அறிய இயலாது. குருதிச் சோதனையும் ஸ்கேனுமே அதனைக் காட்டும்.

சாத்திர தானம்: வெளுத்த மலம் சொல்லும் செய்தி

அறிவைக் கொடுப்பது எத்துணைப் பெரிய தானம் என்பதற்குப் பச்சிளங் குழந்தையின் காமாலையே சான்று. பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் மஞ்சள் பூப்பது இயல்பு. பதினான்கு நாள்களைக் கடந்தும் அது நீடித்து, மலமும் வெளுத்திருந்தால், அது வேறு. பித்தக் குழாய்கள் அடைபட்டு அழிந்துபோகும் பிலியரி அட்ரீசியா என்னும் நோயாக அது இருக்கலாம். இக்குழந்தைகள் தொடக்கத்தில் நன்றாகப் பால் குடிக்கும், கொழுகொழுவென்றும் இருக்கும். அதனாலேயே பெற்றோர் ஏமாறுவர். காலை வெயிலில் காட்டுவதும், கைம்மருந்து தருவதுமாக இரண்டு மாதம் ஓடிவிடும்.

அந்த இரண்டு மாதமே விலைமதிப்பற்றது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1959இல் வெளியிட்ட முறைப்படி, அழிந்த குழாயை நீக்கிச் சிறுகுடலைக் கல்லீரலின் வாயிலோடு நேரே இணைப்பர். பிறந்து 60 நாள்களுக்குள் செய்தால் பித்தநீர் மீண்டும் ஓடும் வாய்ப்பு மிகுதி. நாள் செல்லச் செல்ல அவ்வாய்ப்பு குறையும். தைவான் நாடு 2004 முதல் ஒவ்வொரு தாயின் கையிலும் மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஓர் அட்டையைக் கொடுத்தது. குழந்தையின் மலத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்திருந்தால் தாய் உடனே தெரிவிக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. ஒரு வண்ண அட்டை மட்டுமே. அதனால் உரிய காலத்தில் அறுவை பெற்ற குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய நிகழ்வொன்றும் உண்டு. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தையொன்று இந்நோயால் வாடியது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் கல்லீரலிலிருந்து ஒரு பகுதி எடுக்கப்பட்டு அக்குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்ட கல்லீரல் மாற்று வெற்றி பெற்றது அதுவே முதல்முறை. அக்குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, இன்று மருத்துவராக இருக்கிறார். கல்லீரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு. கொடுத்தவரிடத்தும் அது வளரும், பெற்றவரிடத்தும் வளரும். கொடுத்துக் குறையாத செல்வம் கல்வி மட்டுமன்று போலும்.

ஆகார தானம்: கடலையும் இரவு உணவும்

கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சமண இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும். மதுவை விலக்கிய குடும்பம், சிர்ரோசிஸுக்கான பெருவாயில் ஒன்றை அடைத்துவிட்டது. ஆயினும் சைவ உணவு மட்டுமே கல்லீரலுக்குக் கவசமாகிவிடாது. இனிப்பும் எண்ணெயும் மிகுந்து, உடலுழைப்பு குறைந்து, நீரிழிவும் சேர்ந்தால், மது அருந்தாதவர் கல்லீரலிலும் கொழுப்பு படிந்து தழும்பாகும். விழா நாள் பலகாரம் எல்லா நாளும் பலகாரமாகிவிடலாகாது.

கரிசல் நாட்டின் கடலைக்கும் மக்காச்சோளத்திற்கும் மற்றோர் எச்சரிக்கை உண்டு. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய தானியத்தில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறச் சிற்றூர்களில் பூஞ்சை படிந்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டனர். அவர்களுள் 106 பேர் இறந்தனர். இந்நஞ்சை நீண்டநாள் சிறிது சிறிதாக உண்பது கல்லீரல் புற்றுக்கும் காரணமாகும். சமைப்பதாலும் வறுப்பதாலும் அது முற்றிலும் நீங்காது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் பருப்புகளைப் பொறுக்கி எறிவதே காவல். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சிறப்பின் வேர், பருப்பை நன்கு காயவைத்துப் பொறுக்கியெடுக்கும் கைகளில் இருக்கிறது. நீரை வடிகட்டி, தானியத்தை ஆராய்ந்து சமைக்கும் சமணச் சமையலறைக்கு இப்பழக்கம் புதிதன்று.

இனி, மோதல் தோன்றும் இடம். இரவு உண்ணாமை சமணரின் அடையாளமாகவே விளங்கும் விரதம். நலமுள்ளவர்க்கு அதனால் இடரில்லை. ஆனால் சிர்ரோசிஸ் கண்டவரின் கல்லீரலால் மாவுச்சத்தைச் சேமிக்க இயலாது. நலமுள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலில் நேரும் மாற்றம், இவர்களுக்கு ஓர் இரவிலேயே நேர்கிறது. உடல் தன் தசையைத் தானே கரைத்து எரிபொருளாக்குகிறது. தசை கரையக் கரைய நோய்த்தொற்றும், மூளை மயக்கமும், மரணமும் நெருங்குகின்றன.

பகலில் கூடுதலாக உண்டு இதனை ஈடுகட்டலாகாதா என்ற வினா எழும். நியூசிலாந்தில் 103 சிர்ரோசிஸ் நோயாளிகளிடம் இதையே சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். ஒரே சத்துணவு ஒரு பிரிவினர்க்குப் பகலிலும் மறு பிரிவினர்க்கு இரவிலும் ஓராண்டு தரப்பட்டது. இரவில் உண்டவர்களுக்கு ஏறத்தாழ 2 கிலோ தசை கூடி நிலைத்தது. பகலில் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இன்று கல்லீரல் மருத்துவ வழிகாட்டுதல்கள், படுக்கும் முன் சிற்றுணவும் விழித்தவுடன் காலையுணவும் தேவை என்கின்றன.

விரதத்தைக் காக்க உயிரைக் கரைப்பதா? உயிரைக் காக்க விரதத்தை விடுவதா? இவ்வினாவுக்கு அறநூல்களிலேயே ஒளி கிடைக்கிறது. தீர்த்தங்கர நாமத்திற்குரிய பதினாறு பாவனைகளுள் ‘ஆற்றலுக்கேற்ற தவம்’ ஒன்று. தவம் என்று மட்டும் நில்லாமல், ஆற்றலுக்கேற்ற என்ற அடையும் அங்கே சேர்ந்தே நிற்கிறது. இல்லறத்தாரின் பதினொரு படிநிலைகளில் இரவு உண்ணாமை ஆறாவதாக வைக்கப்பட்டிருப்பதும், படியேறுவோரின் வலிமை அறிந்தே. துறவியின் மாவிரதமும் இல்லறத்தாரின் அணுவிரதமும் வேறு வேறு என வகுத்த நெறி, நோயுற்றவரின் நிலையையும் எண்ணாமல் விடாது.

ஆகவே நோயாளி தாமே முடிவு செய்து வருந்தவும் வேண்டா. குடும்பத்தார் அவரைக் குற்றம் கூறவும் வேண்டா. மருத்துவரிடம் விரதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குருவிடம் நோயை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருவரும் அறிந்தபின் வழி பிறக்கும். விரதத்தைச் சிறிதும் தளர்த்த மனம் ஒப்பாதவர், பொழுது சாயும் நேரத்தில் கடைசி உணவையும், பொழுது புலர்ந்த உடனே முதல் உணவையும் கொண்டு, இடைவெளியை இயன்றவரை குறுக்கலாம். ஆனால் அது முழு ஈடாகாது என்பதை அறிந்தே அதனைத் தெரிவு செய்ய வேண்டும். அட்டமி, சதுர்த்தசி உபவாசங்களைச் சிர்ரோசிஸ் நோயாளி மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளலாகாது.

ஆறுதலான செய்தியும் உண்டு. இந்நோயாளிகளுக்குப் புரதம் குறைக்கப்பட வேண்டும் என்ற பழைய கருத்து கைவிடப்பட்டது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. மூளை மயக்கம் வரும் நிலையிலும் ஊனைவிடப் பருப்பு, பால் ஆகியவற்றின் புரதமே நன்கு ஏற்கப்படுகிறது. பசுவந்தனைப் புஞ்சையின் உளுந்தும் பாசிப்பயறும், வீட்டுத் தயிரும் இங்கு மருந்தாகின்றன.

அபய தானம்: கரடியின் பித்தமும் மனிதனின் கொடையும்

பித்தத் தேக்க நோய்கள் பலவற்றில் மருத்துவர் முதலில் எழுதித் தரும் மருந்து உர்சோடியாக்சிகோலிக் அமிலம். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களைத் தாக்கும், பித்தக் குழாய்களை மெல்ல அழிக்கும் ஒரு நோயில், உரிய காலத்தில் தொடங்கினால் கல்லீரலின் கேட்டை இது தள்ளிப்போடுகிறது. பெயரின் முற்பகுதி கரடியைக் குறிக்கும் இலத்தீன் சொல். 1902இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹாமர்ஸ்டென் பனிக்கரடியின் பித்தத்தில் இதனைக் கண்டார். 1927இல் ஜப்பானில் ஷோடா கரடிப் பித்தத்திலிருந்து இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1950களில் வேதியியல் முறையில் ஆக்கும் வழி தெரிந்தபின் இம்மருந்திற்குக் கரடி வேண்டியதில்லை. ஆயினும் அதன் மூலப்பொருள் பெரும்பாலும் இறைச்சிக்கூடங்களிலிருந்து வரும் மாட்டுப் பித்தமே.

இதனை அறிந்த சமணர் ஒருவர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால், அத்தயக்கம் மூடநம்பிக்கை அன்று; அறவுணர்வு. கொல்ல வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சையே இல்லறத்தாருக்கு முற்றிலும் விலக்கப்பட்டது. மருந்துக்கென்று உயிர் கொல்லப்படாமல், வேறு காரணத்தால் கிடைத்த பொருளிலிருந்து ஆன மருந்தை எவ்வாறு கருதுவது என்பது, ஒவ்வொருவரும் குருவோடு கலந்து தெளிய வேண்டிய வினா. ஆனால் ஒருவருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவது தீர்வன்று. அது நோயை வளர்த்து, மேலும் பல மருந்துகளையும் அறுவையையும் வரவழைக்கும். ஜெலட்டின் உறையில்லாத மாத்திரையாக இம்மருந்து கிடைப்பதால், அந்த ஒரு தயக்கத்தையாவது எளிதில் நீக்கலாம். தாவரங்களில் உள்ள ஸ்டீரால்களிலிருந்து இதே அமிலத்தை ஆக்கும் முறைகளும் ஆய்வில் உருவாகியுள்ளன. உயிர்வதை கலவாத மருந்து வேண்டும் என்று கேட்கும் குரல் பெருகினால், அத்தகைய மருந்து சந்தைக்கு வரும் காலமும் விரையும். அக்குரலை எழுப்பச் சமணரைவிடத் தகுதியுடையோர் யார்?

அபயம் என்பது அச்சம் நீக்கல். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இடுவது, தாயிடமிருந்து தொற்றக்கூடிய அந்த நெடுநோயின் அச்சத்தை நீக்குகிறது. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றி இடப்படுகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைட்டிஸ் பி, சி நோய்களுக்குச் சோதனையும் மருந்தும் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஜூலை 28 பிளம்பெர்க் பிறந்த நாள். அதனையே உலகம் ஹெபடைட்டிஸ் நாளாகக் கொண்டுள்ளது.

அபயத்தின் உச்சம் உறுப்புக்கொடை. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்று வழங்கும் முறை 2008 அரசாணைகளால் ஒழுங்குபட்டது. உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. உடல் வேறு, உயிர் வேறு என்று தெளிந்த நெறிக்கு, உயிர் நீங்கிய உடலின் உறுப்பு மற்றோர் உயிரைக் காப்பதில் தடையென்ன இருக்க முடியும்?

நிறைவாக

சமணப் புலவர் இருவர் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் ஏலாதி என்றும் மருந்துகளின் பெயரைச் சூட்டினர். உடற்பிணிக்கு மருந்து போல உளப்பிணிக்கு அறம் என்பது அவர்தம் கருத்து. மருந்துக்கும் அறம் வேண்டும், அறத்திற்கும் மருந்தறிவு வேண்டும் என்பதை இன்றைய கல்லீரல் ஆய்வுகள் உணர்த்துகின்றன.

இவ்விழாவிலிருந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் நான்கை நினைவில் கொள்ளட்டும். இரண்டு வாரம் கடந்த குழந்தையின் மஞ்சளும் வெளுத்த மலமும் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. காமாலை எதனால் என்று அறிந்த பின்னரே எம்மருந்தும். நோயுற்றவரின் விரதம் அவர் ஆற்றலுக்கேற்றதாக அமையட்டும். இல்லத்தில் ஒருவரேனும் உறுப்புக்கொடை குறித்து மற்றவரோடு மனம்விட்டுப் பேசட்டும்.

கரிசல் காட்டில் அடுத்த மழைக்கும் கீழாநெல்லி முளைக்கும். அதனைக் காணும்போது, அச்செடியின் மீது நம்பிக்கையோடு, அதனைச் சோதித்தோரின் உழைப்பும் நேர்மையும் சேர்ந்தே நினைவுக்கு வருமாயின், அதுவே இவ்வுரையின் பயன்.

எவ்வுயிரும் நோயின்றி வாழ்க. அருகன் அறம் வளர்க.